மூன்று மில்லி என்னும் பழக்கம்

மேற்படிப்பை முடித்த இரண்டாம் ஆண்டில், காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையின் மயக்கவியல் பிரிவில் இருந்தபோது, 78 வயது மூதாட்டி ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிவு அறுவைக்காக, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்து, நாட்டுக்கட்டு போட்டுப் பார்த்து, வலி தாளாமல் நான்காம் நாள் வந்து சேர்ந்தவர். மேசைக்கு வந்தபோது ரத்த அழுத்தம் 150/90 இருந்தது. நான் கொடுத்தது மரக்கச் செய்யும் மருந்தான 0.5 சதவீத ஹெவி (கனமான வகை) புபிவகெய்ன் 3 மில்லி, அதாவது 15 மில்லிகிராம். குடலிறக்கத்துக்கு வந்த இளைஞருக்கும், கால் எலும்பு முறிந்து வந்த லாரி ஓட்டுநருக்கும் அதே அளவைத்தான் கொடுத்து வந்தேன். சிரிஞ்சின் பிஸ்டனை இழுத்தால் கை தானாக மூன்றாவது கோட்டில் போய் நின்றுவிடும்.

மல்லாக்கப் படுக்கவைத்து ஆறு நிமிடம் ஆகியிருக்கும். "தம்பி, கொமட்டுது, கண்ண இருட்டிக்கிட்டு வருது" என்றார். அடுத்த அளவீட்டில் அழுத்தம் 64/36, நாடித்துடிப்பு 46. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்துப் பார்த்தால் மார்புக் காம்புக்கு மேலேயும் குளிர்ச்சி தெரியவில்லை. நாடியை ஏற்ற அட்ரோபின், அழுத்தத்தை ஏற்ற மெஃபென்டெர்மின், கால்களைத் தூக்கிப் பிடித்தல், வேகமாகத் திரவம் ஏற்றுதல் என்று பத்து நிமிடங்கள் எப்படி ஓடின என்றே தெரியவில்லை. அழுத்தம் திரும்பியது, அறுவையும் நடந்து முடிந்தது. ஆனால் அடுத்த இரண்டு நாள் அந்த அம்மா ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றிக்கொண்டிருந்தார். முறிவு, வலி, தூக்கமின்மை, நீர்ச்சத்துக் குறைவு என்று குழப்பத்துக்குக் காரணம் பல இருக்கலாம் என்பது உண்மைதான். அந்தப் பத்து நிமிடங்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க எனக்கு மனம் வரவில்லை.

மாலையில் என் மூத்த மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "ஆம்பூல்ல நாலு மில்லி இருக்கு, நீ மூணு போட்ட. ஆறு இருந்திருந்தா எவ்ளோ போட்டிருப்ப?" எனக்குப் பதில் இல்லை. அளவை நோயாளியைப் பார்த்து முடிவு செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதியவர்களின் உடலில் இந்த ஊசி ஏன் வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதைப் படிப்புக் காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். வயது கூடக்கூடத் தண்டுவட நீரின் அளவு குறைகிறது, முதுகெலும்புக் கால்வாய் குறுகுகிறது, நரம்பு இழைகள் எண்ணிக்கையில் குறைகின்றன. ஆகவே அதே மில்லிகிராம் இன்னும் சில கட்டங்கள் மேலே ஏறும், இன்னும் நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். மேசையில் நம்மை அதைவிட அதிகம் தொல்லைப்படுத்துவது இதயமும் ரத்த நாளங்களும்தான். இந்த ஊசியால் இளைஞருக்குக் கால் ரத்த நாளங்கள் தளர்ந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டிவிடும். விறைத்துப்போன நாளங்களும், நிரம்பினால்தான் வேலை செய்யும் தடித்த இதயமும், துடிப்பை உயரவிடாத பீட்டா பிளாக்கரும் உள்ள 80 வயதுக்காரருக்கு அந்த ஈடுகட்டல் கிடையாது. அன்று காலையில் வழக்கம்போல் டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் விழுங்கிவிட்டு வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். நான் இப்போது முந்தைய நாள் மாலையே வார்டுக்குப் போய் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறேன்.

எனவே எங்கள் கிடங்கில் எப்போதும் இருக்கும் ஹெவி புபிவகெய்னைக் குறைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். இடுப்பு முறிவு அறுவைகளில் 10 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கொடுங்கள் என்றுதான் பிரிட்டனின் மயக்க மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டியும் சொல்கிறது. ஆம்பூலின் கணக்கில் அது 2 மில்லிக்கும் கீழே. 1.5 முதல் 1.8 மில்லி ஹெவியுடன் 20 மைக்ரோகிராம் ஃபென்டனில் சேர்த்தால் பெரும்பாலான அறுவைகளுக்குப் போதுமானது என்பது என் அனுபவமும்கூட. ஃபென்டனில் வலியைப் பிடிக்கும். கால் நாளங்களைத் தளர்த்தாது. அதனால் புபிவகெய்னில் குறைத்ததை அது பெருமளவு ஈடு செய்யும். மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த 20 மைக்ரோகிராமில் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபென்டனில் ஆம்பூலில் ஒரு மில்லிக்கு 50 மைக்ரோகிராம். நமக்கு வேண்டியது 0.4 மில்லி. அதை இன்சுலின் சிரிஞ்சில்தான் எடுப்போம். நம் ஊரில் 40 யூனிட் சிரிஞ்சும் 100 யூனிட் சிரிஞ்சும் ஒரே தட்டில் கிடக்கும். 40 யூனிட் சிரிஞ்சில் 16 கோடு இழுத்தால் 0.4 மில்லி, 100 யூனிட் சிரிஞ்சில் அதே 16 கோடு 0.16 மில்லிதான், அதாவது வெறும் 8 மைக்ரோகிராம். திருப்பி யோசித்தால் பயம் அதிகம்: 100 யூனிட் சிரிஞ்சில் 40 கோடு என்று பழகியவர் 40 யூனிட் சிரிஞ்சைக் கையில் எடுத்தால் முழு மில்லி, 50 மைக்ரோகிராம் உள்ளே போகும். மெலிந்த முதியவருக்கு அது மூச்சை மந்தமாக்கப் போதும். எத்தனை கோடு என்று செவிலியரிடம் சொல்வதை விட்டுவிட்டு, எத்தனை மில்லி என்று சொல்லி, சிரிஞ்சின் மூடி நிறத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கமானது அதற்குப் பிறகுதான்.

குறைத்துக் கொடுப்பதில் ருசி கண்டவனுக்கு அடுத்த பாடம் சீக்கிரமே வந்தது. நெடுநாள் பீடி குடித்து நுரையீரல் கெட்டுப்போன 82 வயது முதியவர். தொடை எலும்பில் ஆணி செலுத்தும் அறுவை. "எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று எலும்பு மருத்துவரைக் கேட்டேன். "முக்கால் மணி நேரம்" என்றார். 6 மில்லிகிராம் ஹெவியும் ஃபென்டனிலும் கொடுத்து, முறிந்த பக்கம் கீழே இருக்கும்படி பதினைந்து நிமிடம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு காலை மட்டும் மரக்கச் செய்தேன். அழுத்தம் ஒரு புள்ளிகூட அசையவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. எலும்புத் துண்டுகள் பொருந்த மறுத்தன, நடுவில் எக்ஸ்ரே கருவியும் மக்கர் செய்தது. எண்பதாவது நிமிடத்தில் முதியவர் முகத்தைச் சுளித்தார், தொண்ணூறாவது நிமிடத்தில் காலை இழுத்தார். "இன்னும் இருபது நிமிஷம்தான்" என்ற குரல் திரைக்கு அப்பாலிருந்து வந்தது. எதைத் தவிர்ப்பதற்காக முதுகு ஊசியைத் தேர்ந்தேனோ அந்த முழு மயக்கத்தையே, பக்கவாட்டில் சாய்க்கவும் முடியாத அறுவை மேசையில், அந்த நுரையீரல்களுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து அறுவை மருத்துவர் சொல்லும் நேரத்தை நான் ஒன்றரையால் பெருக்கிக்கொள்கிறேன். புதிய உதவியாளர் கையெழுத்துப் பழகும் நாளாக இருந்தால் இரண்டால். ஒருபக்க ஊசிக்கு 7.5 மில்லிகிராமுக்குக் கீழே போவதில்லை. குறைந்த அளவு மருந்து என்பது நேரத்தைக் கடன் வாங்குவது போன்றது. அறுவை நீளும் என்று தோன்றினால், முழு அளவைக் கொடுத்துவிட்டு அழுத்தத்தை ஏற்றும் ஃபினைலெஃப்ரினைச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருப்பதே நாணயமான வழி.

ஹெவியா, பிளெயினா என்ற கேள்விதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் மருந்தின் பெயர் இரண்டிலும் ஒன்றே. ஹெவியில் ஒரு மில்லிக்கு 80 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஸ் கலந்திருப்பதால் அது தண்டுவட நீரைவிடக் கனமானது. நோயாளியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கத்துக்கு வழிந்து ஓடும். டெக்ஸ்ட்ரோஸ் இல்லாத பிளெயின் புபிவகெய்ன் உடல் வெப்பத்தில் தண்டுவட நீரைவிட இம்மியளவு லேசானது. போட்ட இடத்தைச் சுற்றியே தங்கும், கொஞ்சம் மேற்பக்கமாக நகரும். இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். இடுப்பு முறிந்த ஒருவரைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஹெவி மருந்து முறிந்த காலில் பிடிக்க வேண்டுமானால் முறிந்த பக்கம் கீழே இருக்க வேண்டும். உடைந்த எலும்பின் மேல் உடல் பாரம் முழுவதையும் ஏற்றிப் பதினைந்து நிமிடம் அசையாமல் கிட என்று அந்த முதியவரிடம் சொல்வது, நியாயமாகப் பார்த்தால், கொடுமை. பிளெயின் கொடுப்பதானால் முறிந்த பக்கம் மேலே. நல்ல பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருப்பார்; வலி குறைவு; இடுப்பு மூட்டில் பந்து மாற்றும் அறுவைக்கு எலும்பு மருத்துவர்கள் பலர் கேட்கும் நிலையும் அதுவே. ஊசி போட்ட நிலையிலேயே அறுவையும் தொடங்கிவிடும், மல்லாக்கப் புரட்டி மறுபடி திருப்பும் வேலை இல்லை. அழுத்தம் விழுவதும் படிப்படியாக விழும். ஹெவியைப் போலத் தடாலென்று விழாது. இப்படிப்பட்ட அறுவைகளுக்கு இப்போது என் முதல் தேர்வு 1.8 அல்லது 2 மில்லி பிளெயின்தான்.

குறை இல்லாமல் இல்லை. பிளெயின் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை ஹெவியைப் போல உறுதியாகச் சொல்ல முடியாது. அரை மணி நேரம் கழித்து நோயாளியின் நிலையை மாற்றினாலும் மரத்துப்போன மட்டம் கொஞ்சம் நகரக்கூடும். ஒருமுறை அறுவை முடிந்து கட்டிலுக்கு மாற்றும்போது அழுத்தம் 30 புள்ளி இறங்கியதைப் பார்த்த பிறகு, மேசையிலிருந்து இறக்கும் வரை மானிட்டர் வயர்களைக் கழற்ற விடுவதில்லை.

பிளெயின் என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 20 மில்லி குப்பியில், பலமுறை எடுத்துப் பயன்படுத்துவதற்காக மெத்தில்பாரபென் என்ற பதப்படுத்தி சேர்த்திருப்பார்கள். அது தண்டுவட நீருக்குள் போகக் கூடாதது. பதப்படுத்தி இல்லாத ஒற்றைப் பயன்பாட்டு ஆம்பூல்தான் வேண்டும். எங்கள் கிடங்கில் அது தீர்ந்துபோன ஒரு மாதம் முழுக்க ஹெவியிலேயே ஓட்டினேன், குப்பியைத் தொடவில்லை. புபிவகெய்னின் நெருங்கிய உறவான லெவோபுபிவகெய்ன் ஆம்பூல்கள் கிடைக்கும் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகும்போது அதையே பிளெயினாகப் பயன்படுத்துகிறேன். இந்தச் சிறிய அளவுகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டை நான் கண்டதில்லை. ரோபிவகெய்ன் சற்று வலுக்குறைந்தது, ஏறத்தாழ 15 மில்லிகிராம் கொடுத்தால் 10 மில்லிகிராம் புபிவகெய்னுக்கு நிகர். கால் சீக்கிரம் அசையும். முதியவருக்கு இதயத்துக்கு நல்லது என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வது, கை கால் நரம்புகளைச் சுற்றிப் போடும் ஊசிகளுக்குக் கொடுக்கும் பெரிய அளவுகளுக்குப் பொருந்தும். முதுகில் போடும் இரண்டு மில்லிக்கு அந்த வாதம் எடுபடாது.

கூன் விழுந்த முதுகுக்கு ஹெவி கொடுக்கும்போது தலைக்கு மட்டுமின்றித் தோளுக்கும் சேர்த்துத் தலையணை வைக்கிறேன். மல்லாக்கப் படுக்கும்போது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பே பள்ளம், கனமான மருந்து அங்கேதான் போய்த் தேங்கும்.

ஆண்களின் புராஸ்டேட் அறுவை வேறு கதை. மட்டம் தொப்புள் வரை வந்தால் போதும். நீர் நிரம்பிச் சிறுநீர்ப்பை உப்பும்போது வலி தெரியாமலிருக்க அவ்வளவாவது வேண்டும். ஆனால் அதற்கு மேல் ஏறவும் கூடாது, ஏனென்றால் சுரப்பியின் உறை கிழிந்துவிட்டால் நோயாளி சொல்லும் வயிற்று வலியும் தோள் வலியும்தான் நமக்கு முதல் சேதி. சிறுநீர்ப்பையை நிரப்பிக் கழுவக் கிளைசின் திரவத்தைப் பயன்படுத்தும் இடங்களில் அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பதே நம் கருவி. திரவம் ரத்தத்தில் கலந்து சோடியம் குறையும்போது முதலில் பேச்சுதான் குழறும். ஆகவே 7.5 மில்லிகிராம் ஹெவியும் ஃபென்டனிலும், தூக்கம் தரும் மிடசோலம் கிடையாது. காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட்டு உள்ளே அனுப்பும் வழக்கத்தை எங்கள் அறுவையரங்கில் நிறுத்த ஆறு மாதம் சண்டை போட்டேன்.

சிறுநீர்ப்பையை உள்நோக்கிப் பார்த்துச் சதைத் துணுக்கு எடுப்பது போன்ற அரை மணி நேர வேலைக்கு 7.5 மில்லிகிராம் புபிவகெய்ன்கூட அதிகம். கால் மூன்று மணி நேரம் கிடக்கும், சிறுநீர் பிரியாமல் குழாய் போட வேண்டி வரும். முன்பு இதற்கு 5 சதவீத ஹெவி லிக்னோகெய்ன் இருந்தது. கால்களைத் தூக்கிக் கட்டிச் செய்யும் அறுவைகளுக்குப் பிறகு புட்டத்திலும் தொடையிலும் பரவும் வலி பலருக்கு வந்ததைப் பற்றி 1990களின் தொடக்கத்திலிருந்து அறிக்கைகள் குவிந்தன. நானும் அந்த வலியோடு வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு மூன்று நாள் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த இடத்துக்கு 1 சதவீத குளோரோபுரோகெய்ன் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2017இல் முதுகு ஊசிக்கென்றே அனுமதி பெற்றது. 40 மில்லிகிராம், அதாவது 4 மில்லி கொடுத்தால் முக்கால் மணி நேரம் நன்றாகப் பிடிக்கும்; இரண்டு மணி நேரத்தில் நோயாளி எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவார். முதியவருக்கு இது சாதாரண விஷயமில்லை: குழாய் இல்லை, தொற்று இல்லை, இரவு வீட்டில் தன் கட்டிலில் படுக்கலாம். அழுத்தம் விழாது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது, விழும், சீக்கிரம் திரும்பும். நேரம் கடந்தால் கை கொடுக்காது என்பதால், கட்டி இருக்கலாம், பார்த்துவிட்டு அப்படியே எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் இழுத்தால் நான் குளோரோபுரோகெய்னைத் திறப்பதே இல்லை.

அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் முறையும் இதனோடு சேர்ந்ததுதான். ஊசிக்கு முன் ஒரு லிட்டர் திரவத்தை ஓடவிடுவது எங்கள் காலத்துப் பழக்கம். முதியவருக்கு, மருந்தின் பிடி தளர்ந்து நாளங்கள் மறுபடி சுருங்கும்போது அந்தத் திரவமெல்லாம் நெஞ்சுக்குத் திரும்பும். அறுவை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து வார்டில் மூச்சு வாங்குகிறது என்று அழைப்பு வரும். இப்போது ஊசி போடும்போதே 300 மில்லியளவு திரவமும், கையில் 50 மைக்ரோகிராம் ஃபினைலெஃப்ரினும். துடிப்பு 55க்குக் கீழே இருந்தால் அதைத் தொடாமல் மெஃபென்டெர்மின்.

ஊசித் தட்டில் டிரனெக்சாமிக் அமிலத்தை வைக்க விடாதீர்கள். ரத்தப்போக்கைக் குறைக்க இடுப்பு அறுவைகளில் அது எப்போதும் மேசையருகே இருக்கும். ஆம்பூலும் புபிவகெய்ன் போலவே தோன்றும். தவறி முதுகில் போனால் வலிப்பும் உயிரிழப்பும் நேரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் எச்சரித்தது. எங்கள் அரங்கில் அது இப்போது அறையின் மறுகோடியில் தனி டிராயரில் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, முதியவர் என்றாலே முதுகு ஊசிதான் என்று நான் நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021இல் வெளிவந்த ரீகெய்ன் ஆய்வு, இடுப்பு முறிந்த 1,600 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்து, 60 நாள் கழித்து நடப்பதிலும் இறப்பிலும் முழு மயக்கத்தைவிட முதுகு ஊசி மேலானதாக இல்லை என்று சொன்னது. அதைப் படித்த பிறகு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்கும் மகாதமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கும் எப்படியாவது முதுகில் போட்டுவிட வேண்டும் என்ற என் பிடிவாதம் போயிற்று.

போன மாதம் 81 வயது அம்மா ஒருவர் வலது இடுப்பு முறிந்து வந்தார். இரண்டு ஆண்டுக்கு முன் இடது இடுப்பு முறிந்து வேறோர் ஊரில் அறுவை நடந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மயக்கம் பற்றி இருந்தது "ஸ்பைனல் கொடுக்கப்பட்டது" என்ற ஒரே வரி. "போன தடவ மூணு நாள் எங்க யாரையும் தெரியல டாக்டர், செத்துப்போன எங்க அப்பாவக் கூப்புட்டுக்கிட்டே கெடந்தாங்க" என்றார் மகள். என்ன மருந்து, எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு விழுந்தது என்று யாரிடமும் கேட்க வழியில்லை. பிளெயின் 9 மில்லிகிராம், ஃபென்டனில் 15 மைக்ரோகிராம், வலப்பக்கம் மேலே. மிகக் குறைந்த அழுத்தம் 104/58, ஃபினைலெஃப்ரின் மொத்தம் 150 மைக்ரோகிராம், உச்ச மட்டம் தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே, கால் அசைந்தது இரண்டு மணி பத்து நிமிடத்தில். இவை அத்தனையையும் மில்லிகிராமிலேயே சம்மரியில் எழுதி, மகளின் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.